அரை நிமிடச் சும்மா

இதழியல் படிக்கச் சேர்ந்தபோது பேனாவும் நோட்டும் போதும் என்றிருந்தேன். இரண்டாம் பருவத்தில் கையில் ரெக்கார்டரைக் கொடுத்துவிட்டார்கள். எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி, 2000-இல் வெளிவந்த இலவச மென்பொருள், என் ஓட்டை லேப்டாப்பிலும் முனகாமல் ஓடும்.

முதல் பேட்டி கோயம்பேட்டில், ஒரு பூக்காரம்மாவிடம். "அதான்... வந்து..." எல்லாவற்றையும் வெட்டினேன். மூச்சிழுப்பைக்கூட விடவில்லை. போட்டுக் கேட்டால் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது! வெட்டிய இடத்திலெல்லாம் சந்தை இரைச்சல் சட்டென்று செத்துப் பிழைத்தது.

"ஆம்பியன்ஸ் எடுத்தியாப்பா?" என்றார் ஆசிரியர்.

யாரிடமும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தை மட்டும் பதிவதுதான் அது. மறுநாள் போய் மைக்கைப் பிடித்து நின்றேன். தூரத்து லாரி, ஈரச் சாக்கை உதறும் சத்தம். "என்ன கண்ணு, சும்மா நிக்கிற?" அதுவும் பதிவானது. அந்தத் துண்டை வெட்டுகளுக்கு அடியில் இன்னொரு டிராக்கில் விரித்தேன், ஒட்டு தெரியவில்லை.

இப்போது அலைக்கோட்டைப் பார்த்தே எழுத்து பிடிபடுகிறது. 'ப' செங்குத்தாக எழும். 'ஸ' கம்பளிப்பூச்சி போல ஊரும். விலை சொல்லுமுன் அவர் விட்ட பெருமூச்சு சின்ன மேடு. அதை வெட்டவில்லை.