சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்
மணிமேகலையில் குற்றமும் மன்னிப்பும்

மணிமேகலையைக் கற்பிக்கும் ஆசிரியர் அமுதசுரபியைப் பற்றிப் பேசுவார். பசிப்பிணி தீர்த்த அருளைப் பேசுவார். இளமையிலேயே துறவு பூண்ட உறுதியைப் பேசுவார். இவை யாவும் பேசத்தக்கனவே. ஆயினும் 30 காதைகள் கொண்ட அக்காப்பியத்தின் நடுவில், 18ஆம் காதை முதல் 23ஆம் காதை வரையில், ஒரு காதற்கதை அதன் முடிவை நோக்கி விரைகிறது. அதில் கொலை உண்டு, குற்ற உணர்வு உண்டு, சிறை உண்டு, பழிவாங்கும் வெறி உண்டு, அனைத்திற்கும் பின்னர் மன்னிப்பும் உண்டு. இப்பகுதியை விட்டுவிட்டு மணிமேகலையைப் படிப்பவர், கல்லால் ஆன ஒரு துறவியைக் காண்பாரேயன்றி, கண்ணீர் சிந்திய ஒரு பெண்ணைக் காணமாட்டார்.

சிறை சென்று மீண்டவனின் கதையை மேலைநாட்டு நாவல்களிலிருந்தே தமிழர் அறிந்துகொண்டனர் என்ற எண்ணம் மாணவரிடையே உண்டு. அவ்வெண்ணம் சரியன்று. சிறையைப் பற்றியும் மன்னிப்பைப் பற்றியும் சீத்தலைச் சாத்தனார் எண்ணிய அளவுக்கு ஆழ்ந்து எண்ணியவர் மிகச் சிலரே. அவர் கண்ட முடிவு யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

காதலை அறியாதவளா?

கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மணிமேகலை, தந்தையின் கொலைக்குப் பின் தாயால் துறவு நெறியில் செலுத்தப்பட்டவள். சோழ இளவரசன் உதயகுமாரன் அவளை விரும்பி உவவனம் வரையில் தொடர்ந்து வருகிறான். பளிக்கறையுள் மறைந்திருக்கும் அவளை அடைய இயலாத சினத்தில், கணிகையர் குலத்தவள் என்று இழித்துப் பேசிவிட்டுச் செல்கிறான். அவன் சென்றபின் மணிமேகலை தன் தோழி சுதமதியிடம் ஓர் உண்மையை ஒளியாமல் கூறுகிறாள். தன்னை இழித்துரைத்த அந்த அயலானின் பின்னே தன் நெஞ்சு சென்றுவிட்டது என்றும், காமத்தின் இயல்பு இதுதானோ என்றும் அவள் வியக்கிறாள்.

சாத்தனாரின் புலமை நேர்மையை இவ்விடத்தில் காணலாம். தம் தலைவி காதலே அறியாதவள் என்று அவர் காட்டியிருப்பின், அவளது துறவுக்கு விலை ஏதும் இல்லாமற் போயிருக்கும். அவள் விரும்பினாள், விரும்பியும் விலகினாள். முற்பிறப்பில் அவனே இராகுலன் என்னும் பெயருடைய தன் கணவன் என்பதைப் பின்னர் மணிபல்லவத்தில் அறிகிறாள். அறிந்தபின் அவனை வெறுப்பது மேலும் அரிதாகிறது. ஆதலின் அவனிடமிருந்து தப்புவதற்கும், அவனுக்கு நிலையாமையை உணர்த்துவதற்கும், யானைத்தீ நோயால் வருந்திய காயசண்டிகை என்னும் விஞ்சைமகளின் வடிவத்தை அவள் மேற்கொள்கிறாள். அந்த மாற்றுருவமே பெருந்துன்பத்திற்கு வித்தாகிறது.

உணவு முதலில், வினா பின்னர்

மாற்றுருவில் இருக்கும் மணிமேகலை புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்துள் புகுகிறாள். அங்கே பசியால் வாடிக் கிடப்போர் அனைவர்க்கும் அமுதசுரபியிலிருந்து உணவு வழங்குகிறாள். இன்னான் கொலை செய்தவன், இன்னான் களவு செய்தவன் என்று அவள் எவரையும் வினவவில்லை. ஒரு பாத்திரம் இத்தனை பேருக்கு உணவளித்ததைக் கண்டு வியந்த காவலர் வேந்தனிடம் சென்று அறிவிக்கின்றனர். வேந்தன் அவளை அழைத்து, வேண்டுவது யாது என்கிறான். அவள் பொன் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறவோர்க்குரிய கோட்டமாக ஆக்கித் தருக என்கிறாள். சிறைப்பட்டோர் விடுவிக்கப்படுகின்றனர். அக்கட்டடம் அறவோர் வாழும் பள்ளியாகவும், சமைக்கும் இடமும் உண்ணும் இடமும் உடைய அறச்சாலையாகவும் மாறுகிறது. 19ஆம் காதைக்குச் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை என்று பெயர் அமைந்தது இதனால்தான்.

இங்கே ஒரு வரிசைமுறை உண்டு என்பதை மாணவர்க்கு உணர்த்தவேண்டும். நீதிமன்றம் முதலில் குற்றத்தை வினவுகிறது. பின்னரே உணவைப் பற்றி எண்ணுகிறது. மணிமேகலை முதலில் உணவு தருகிறாள், வினாவே எழவில்லை. விடுதலை பெற்றவர்கள் பின்னர் எங்கே சென்றனர், எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் காப்பியம் தொடர்ந்து சொல்லவில்லை. இதனைக் குறையெனக் கூறுவோர் கூறலாம். ஆயினும் மன்னிப்பு எங்கே தொடங்குகிறது என்பதைச் சாத்தனார் தெளிவாகக் காட்டிவிட்டார்.

ஊழ் உண்டு; பொறுப்பும் உண்டு

காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் மனைவியைத் தேடிப் புகாருக்கு வருகிறான். மனைவியின் உருவில் நிற்பவள் தன்னைப் பொருட்படுத்தாமல் உதயகுமாரனோடு உரையாடுவதைக் கண்டு ஐயுறுகிறான். இரவில் உலக அறவி என்னும் அம்பலத்திற்கு இளவரசன் வரும்போது, மறைந்திருந்த காஞ்சனன் அவனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். விழித்தெழுந்த மணிமேகலை அவன் உடலைக் கண்டு புலம்புகிறாள். தான் கொண்ட மாற்றுருவமே அவனுக்குக் கூற்றாயிற்று என்ற குற்ற உணர்வு அவள் அழுகையில் ஒலிக்கிறது. உடலைத் தழுவச் செல்பவளைத் தூணில் உறையும் கந்திற்பாவைத் தெய்வம் தடுக்கிறது.

முற்பிறப்பில், முனிவர்க்குப் படைக்கும் உணவைக் கால் இடறிச் சிந்திய சமையற்காரனை இராகுலன் வாளால் வெட்டினான். அவ்வினையே இப்பிறப்பில் அவன்மேல் வாளாக வந்தது என்று கந்திற்பாவை கூறுகிறது. இதைக் கேட்கும் மாணவன், எல்லாம் ஊழ்வினை எனின் காஞ்சனன் செய்தது குற்றமன்றோ என்று வினவக்கூடும். சாத்தனார் அவ்வினாவை எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார். அதே கந்திற்பாவை காஞ்சனனை நோக்கி, நீ செய்த கொடுவினை உன்னையும் விடாது வந்து பற்றும் என்கிறது. இறந்தவனுக்கு ஊழ் காரணமாயினும், கொன்றவனுக்குப் பொறுப்பு நீங்குவதில்லை. அறியாமையும் ஐயமும் செயலை விளக்கலாம். செயலை அழிக்க மாட்டா. தன் மனைவி முன்னரே இறந்துபட்டாள் என்பதையும் அறிந்த காஞ்சனன் துயரத்தோடு தன் ஊர் திரும்புகிறான். காப்பியத்தில் மன்னிப்புப் பெறாமல் செல்பவன் அவன் ஒருவனே. கேட்டறியாமல் வாளெடுத்தவனுக்கு அந்தத் தனிமையே தண்டனையாயிற்று எனலாம்.

வேந்தன், அரசி, மணிமேகலை

மகன் இறந்த செய்தியைக் கேட்ட வேந்தன், தான் செய்யவேண்டிய தண்டனையை விஞ்சையன் செய்துவிட்டான், அதுவே தகாதது என்கிறான். தவறு செய்த மகனை முறைசெய்த முன்னோர் மரபில் வந்தவன் அவன். மணிமேகலையைக் காவலில் வைக்குமாறும் ஆணையிடுகிறான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கியவளே மூன்று காதைகள் கடப்பதற்குள் சிறைப்படுகிறாள். கட்டடம் மாறிவிட்டது, மனம் மாறவில்லை. இந்த முரணைச் சாத்தனார் விளக்கவில்லை, காட்டிவிட்டு நகர்கிறார்.

வேந்தனிடம் நீதி இருக்கிறது. ஆனால் அருள் இல்லை. அரசி இராசமாதேவியிடம் தாயின் துயரம் இருக்கிறது. அது பழிவெறியாகத் திரிகிறது. அன்பு காட்டுபவள்போல் மணிமேகலையைச் சிறையிலிருந்து மீட்டுத் தன்னிடம் வைத்துக்கொள்கிறாள். பித்தேற்றும் மருந்து கொடுக்கிறாள். பொற்காசு கொடுத்துக் கல்லாத இளைஞன் ஒருவனை ஏவி அவளுக்குப் பழி உண்டாக்க முயல்கிறாள். இறுதியில் நோயுற்றாள் என்று பொய் கூறி, உணவின்றிப் புழுக்கறையில் அடைக்கிறாள். ஒரு நகரத்தின் சிறை அறச்சாலையான பின்னரும், அரண்மனையின் ஓர் அறை சிறையினும் கொடிதாகிறது.

மந்திர வலிமையால் மணிமேகலை இவற்றையெல்லாம் கடக்கிறாள். இங்கே ஒரு தடை எழலாம். துன்புறுத்த இயலாதவள் மன்னிப்பது அரிய செயலாகுமா? அவ்வாறு கேட்பவர், மந்திரம் அவள் உடலைக் காத்ததேயன்றி நெஞ்சைக் காக்கவில்லை என்பதை நினைவில் கொள்ளவேண்டும். விரும்பியவனை இழந்து, அவ்விழப்புக்குத் தானே காரணம் என்ற சுமையோடு நிற்பவள் அவள். அந்த நெஞ்சிலிருந்தே அவள் பேசுகிறாள்.

நடுங்கி நிற்கும் அரசியிடம் அவள் கேட்பது இது: மகனுக்காக அழுதாயே, உடலுக்கு அழுதாயா, உயிருக்கு அழுதாயா? உடலுக்கு எனின், அதைச் சுடுகாட்டிற்கு அனுப்பியவர் யார்? உயிருக்கு எனின், அது புகுந்த இடத்தை எவரும் அறியார்; அவ்வுயிரை நேசிப்பது மெய்யானால் எல்லா உயிர்க்கும் இரங்கவேண்டும். இவ்வாதம் பௌத்த அறவுரை என்று மட்டும் கூறி ஆசிரியர் கடந்துவிடலாகாது. மகனை இழந்த தாயின் அன்பை அது மறுக்கவில்லை. அந்த அன்பை விரித்துக்கொள்ளச் சொல்கிறது.

மனம் தெளிந்த அரசி மணிமேகலையை வணங்குகிறாள். காப்பியத்தின் உயர்ந்த இடம் இதுவே. மணிமேகலை அவ்வணக்கத்தை ஏற்க மறுக்கிறாள். என் கணவனைப் பெற்றவர் நீர். வேந்தனின் பெருந்தேவியும் நீர். நீர் வணங்குதல் தகாது என்ற கருத்துப்படக் கூறித் தானே எதிர்வணங்குகிறாள். அவன் உயிரோடு இருந்தபோது அவனிடம் சொல்லாத உறவை, அவன் இறந்தபின் அவன் தாயிடம் சொல்கிறாள். தன்னைக் கொல்ல முயன்றவளை மாமியாராக ஏற்று வணங்குகிறாள். இதற்குமேல் ஒரு காதல் வெளிப்பாடு வேண்டுமோ? குற்றத்தை மறந்துவிடுதல் மன்னிப்பு அன்று. குற்றம் செய்தவருக்கு உறவில் மீண்டும் ஓர் இடம் அளித்தலே மன்னிப்பு. இதுவே சாத்தனார் கண்ட முடிவு.

பிற நாட்டார் கண்டது

உ.வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தது 1898ஆம் ஆண்டில். அதற்கு அடுத்த ஆண்டில் டால்ஸ்டாயின் புத்துயிர்ப்பு வெளிவந்தது. இளமையில் தான் கெடுத்த மாஸ்லவா என்னும் பெண் கொலைக்குற்றம் சாட்டப்பட்டு நிற்பதை, நடுவர் குழுவில் அமர்ந்திருக்கும் நெஹ்லூதவ் காண்கிறான். குற்ற உணர்வால் அவளைப் பின்பற்றிச் சைபீரியா வரையில் செல்கிறான், மணந்துகொள்வதாகவும் கூறுகிறான். அவள் மன்னிக்கிறாள், ஆனால் மணக்க மறுக்கிறாள். இரு கதைகளிலும் திருமணம் நிகழவில்லை, மன்னிப்பு நிகழ்கிறது. எனினும் வேறுபாடு ஒன்று உண்டு. டால்ஸ்டாய் குற்றம் செய்தவனின் நெஞ்சுக்குள் நின்று எழுதினார். சாத்தனாரோ துன்புற்றவளின் நெஞ்சுக்குள் நின்று எழுதினார்.

விக்டர் ஹ்யூகோவின் நாவலைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் ஏழைபடும் பாடு என்று தமிழாக்கினார். 1950இல் அது திரைப்படமாகவும் வந்தது. 19 ஆண்டுகள் சிறையிலிருந்து மீண்ட ஜீன் வால்ஜீனுக்கு எந்த விடுதியும் இடம் தரவில்லை. ஒரு பாதிரியார் மட்டும் உணவு தந்து படுக்கையும் தருகிறார். அங்கும் உணவே முதலில் வருகிறது. சாத்தனார் சொல்லாமல் விட்ட இடத்தை, சிறைமீண்டவனின் பிற்கால வாழ்வை, ஹ்யூகோ விரித்துரைத்தார்.

புடு மதிலும் வகுப்பறையும்

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துக்குத் துணி வாங்கவும் பூ வாங்கவும் வரும் தமிழர், அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள ஹங் துவா சாலைக்குச் சென்றால் ஒரு பழைய வாயிலைக் காணலாம். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட புடு சிறைச்சாலையின் வாயில் அது. 1996இல் சிறை மூடப்பட்டது. 2010இல் மதிலை இடிக்கத் தொடங்கினர். கைதி ஒருவர் தீட்டிய நீண்ட சுவரோவியமும் அதனோடு மறைந்தது. இன்று அவ்விடத்தில் பெரிய கடைத்தொகுதி நிற்கிறது. புகாரில் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆயிற்று. இங்கே அது அங்காடி ஆயிற்று. கைதிகளோ வேறு சிறைகளுக்கு மாற்றப்பட்டனர். கட்டடம் நீங்கியதால் மட்டும் சிறை நீங்கிவிடாது என்பதற்கு மணிமேகலையின் புழுக்கறை முன்னரே சான்று கூறிவிட்டது.

ஆயினும் அறத்தின் பக்கம் நாடு ஓர் அடி எடுத்து வைத்ததும் உண்டு. கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டம் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மரணத்தை எதிர்நோக்கியிருந்தோரின் தண்டனையை மறுஆய்வு செய்யவும் வழி பிறந்தது. இறந்துபட்ட உதயகுமாரனுக்கு மறுவாய்ப்பு இல்லை. உயிரோடு இருப்பவர்க்கே அது உண்டு.

எஞ்சிய பணி சட்டத்தினுடையதன்று, சமூகத்தினுடையது. தமிழ்ப்பள்ளி வகுப்பறையின் கடைசி வரிசையில், தந்தை சிறையில் இருக்கும் ஒரு பிள்ளை அமர்ந்திருக்கக்கூடும். அத்தந்தை ஒருநாள் மீண்டு வந்து பள்ளி வாயிலில் நிற்கக்கூடும். அன்று அவரை நோக்கி எழும் முதற்சொல் வினாவாக இருக்குமா, வரவேற்பாக இருக்குமா என்பதைக் காப்பியப் பாடம் நடத்தும் ஆசிரியர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அமுதசுரபி இன்று எவர் கையிலும் இல்லை. ஒரு கவளம் உணவும், உறவுமுறை சொல்லி அழைக்கும் ஒரு சொல்லும் எல்லார் கையிலும் உண்டு. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்க மணிமேகலை பயன்படுத்தியவை அவ்விரண்டே.