குடவோலையும் குடிமக்களும்

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் புகழ்வோர் பலர், படிப்போர் சிலர். முதலாம் பராந்தகன் காலத்து, 921ஆம் ஆண்டின் அந்த எழுத்தை நாம் படித்துப் பார்த்தோம். கணக்குக் காட்டாதவன் வாரியத்துக்கு வரலாகாது. அவன் உறவினரும் வரலாகாது என்கிறது. நல்ல விதி! வேட்பாளர் தம்மீதுள்ள வழக்கையும் தமது சொத்தையும் வாக்காளருக்குச் சொல்லவேண்டுமென மக்கள் அமைப்புகள் வழக்காடி, உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்றது 2002இல்தானே!

ஆனால் தோழர்களே, மற்ற விதிகளையும் பாருங்கள். கால்வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டுமாம். சொந்த மனையில் வீடு வேண்டுமாம். வேதம் கற்றிருக்க வேண்டுமாம். அது சதுர்வேதிமங்கலத்துச் சபை! முட்டுக்காட்டுக் காயலில் வலை வீசுபவனுக்கு அங்கே ஓலை ஏது? நிலத்தை உழுதவனுக்கு ஏது? ஓலையை எடுத்ததோ ஒரு சிறுவனின் கை. குலுக்கலுக்கா மக்களாட்சி என்று பெயர்?

அந்த விலக்கு சோழரோடு மாய்ந்ததா? ஆதித்திராவிடர்க்கு ஒதுக்கிய மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசன் 1997இல் மேலும் ஐவரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் ஒதுக்கீட்டுத் தலைவர் நிலைத்து அமர 2006 வரை, பத்தாண்டு ஆயிற்று. சட்டம் கொடுத்தது, சாதி தடுத்தது.

எளியவன் அச்சமின்றி வேட்புமனு தருவதே அமைதியான தேர்தலின் அளவுகோல். பழங்குடத்தைப் போற்றுவோரை அந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம்!