நவரோன் பீரங்கிகள்: களவும் வாய்மையும்

வேந்தன் விடுத்த மறவர் பகைப்புலத்துட் களவிற் புகுந்து ஆநிரை கவர்தலை வெட்சி என்பர் தொல்காப்பியர். அக்களவு பகைவர்மாட்டு நிகழ்வது. உடன் சென்ற தோழன்மாட்டு நிகழ்வதன்று. சிறுபடை மறைவிற் சென்று வினைமுடித்தலைக் காட்டும் போர்ப்படங்களுள், 1961இல் வெளிவந்த ‘நவரோன் பீரங்கிகள்’ என்னும் ஆங்கிலப் படம் இவ்வரம்பைக் கடக்கின்றது. அதன் சிறப்பும் குறையும் அவ்விடத்தே உள்ளன என்று யாம் கருதுகின்றோம்.

கதை 1943இல் ஏஜியன் கடலில் நிகழ்வது. கேரோஸ் தீவிற் சிக்கிய 2000 பிரித்தானிய வீரரை மீட்கக் கப்பல்கள் செல்லுதல் வேண்டும். நவரோன் என்னும் கற்பனைத் தீவின் குகையிற் செருமானியர் நிறுவிய இரு பெரும் பீரங்கிகள் அவ்வழியை அடைத்து நிற்கின்றன. அவற்றைத் தகர்க்கச் சென்ற குழுவிற் பிராங்க்ளின் என்னும் மேஜர் பாறையினின்று வீழ்ந்து கால் முறிகின்றார். மலையேற்றத்தில் வல்ல மாலரி அவரிடம், திட்டம் மாறிற்று என்றும் கடற்படை தீவைத் தாக்கும் என்றும் பொய் கூறுகின்றார். பின்னர்ப் பகைவரிடம் விடப்பட்ட பிராங்க்ளின், அவர்தம் மருந்தின் வயப்பட்டு, தாம் நம்பியதை உரைக்கின்றார். செருமானியப் படை கடற்கரைக்குப் பெயர்கின்றது, கோட்டைக்காவல் குறைகின்றது.

அலிஸ்டர் மக்லீன் 1957இல் எழுதிய மூலப் புதினத்தில் இப்பொய் இல்லை. அங்குக் கால்முறிந்த ஸ்டீவன்ஸ் என்னும் இளைஞன், தோழர் தப்பும்பொருட்டுத் தானே பின்தங்கி உயிர் துறக்கின்றான். படத்தைத் தயாரித்துத் திரைக்கதையும் வரைந்த கார்ல் போர்மன் தற்கொடை இருந்த இடத்தில் வஞ்சத்தை வைத்தார். ஸ்டீவன்ஸ் தன்னைத் தானே கொடுத்தான். பிராங்க்ளினைப் பிறர் கொடுத்தனர்.

மாலரியின் செயலுக்குப் படம் காரணமும் காட்டுகின்றது. முன்னர் அவர் காயமுற்ற பகைவர்க்கு இரங்கி வழிவிட்டார். அவர்களோ ஆண்ட்ரியா என்னும் கிரேக்க வீரரின் மனைவி மக்களைக் கொன்றனர். இரக்கத்தின் விலையை அறிந்தவர் இப்பொழுது இரக்கத்தைத் துறக்கின்றார்.

குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தது என்பது வள்ளுவர் கொள்கை. 2000 உயிர் காத்த பொய் அத்தகையது என்பார் உளர். ஆயின், நம்பிய தோழனை அறியாமற் கருவியாக்கிப் பெற்ற நன்மை குற்றமற்றதாகுமோ? வெடிவல்லுநர் மில்லர் சினந்து எழுப்பும் வினா இதுவே.

இவ்வினாவைப் படம் இறுதிவரை தாங்கவில்லை. குழுவைக் காட்டிக்கொடுத்தவள் அன்னா எனப் புலப்பட்டபொழுது, மாலரியே அவளைக் கொல்லுதல் வேண்டும் என மில்லர் வற்புறுத்துகின்றார். மாலரி துப்பாக்கியை ஓங்குகின்றார். அந்நொடியில் மரியா சுட்டுவிடுகின்றாள். தலைவன் கை கறைபடாது தப்பிற்று. இதுகாறும் பிறரைக் கொண்டு வினைமுடித்த தலைவனைத் தன் வினையின் சுமையைத் தானே ஏற்குமாறு செய்யக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. கதையாசிரியர் அவ்வாய்ப்பை நழுவவிட்டார்.

பீரங்கிகள் தகர்ந்து கடலில் வீழும் காட்சியை மக்கள் பெரிதும் பாராட்டினர். அத்திறத்துக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. எனினும், எம் நெஞ்சில் நிற்பது அக்காட்சியன்று. முறிந்த காலுடன் கிடந்து, தோழன் சொல்லை ஐயமின்றி ஏற்கும் பிராங்க்ளினின் முகமே.