பிரஷ் கட்டர் எஞ்சினில் படகு: சிசியைக் கூட்டாதீர்கள், சுற்றைக் குறையுங்கள்

பிரஷ் கட்டரின் வெட்டும் தலையைக் கழற்றிவிட்டு, அதே குழாயின் முனையில் ஒரு சிறு கியர் பெட்டியையும் புரொப்பெல்லரையும் மாட்டினால் படகு மோட்டார் தயார் என்கிறார்கள் ‘கிட்’ விற்பவர்கள். பொய்யில்லை. 52 சிசி டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் ஒன்றையும் அதற்கான கிட்டையும் 12 அடி ஃபைபர் படகில் மாட்டி, பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்துக்கு உட்புறம் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு படகு நகர்ந்தது. ஆனால் எஞ்சின் போடும் சத்தத்துக்கும் படகு போகும் வேகத்துக்கும் பொருத்தமே இல்லை. முழு த்ராட்டிலில் போன் ஜிபிஎஸ் காட்டியது மணிக்கு 6 கிலோமீட்டர் சுமார்.

மாட்டுவது எளிது. வாங்குமுன் இரண்டு அளவுகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: குழாயின் வெளி விட்டம் 26 மில்லிமீட்டரா 28-ஆ, உள்ளே ஓடும் ஷாஃப்ட் முனையில் எத்தனை பல். இவை பொருந்தினால் ஸ்பேனரும் ஆலன் கீயும் போதும்.

எஞ்சினைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஹோண்டாவின் பிஎஃப் 2.3 என்ற சிறிய அவுட்போர்டைப் பாருங்கள். 57 சிசி, காற்றால் குளிர்வது, கியர் லீவருக்குப் பதில் சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச், 2.3 குதிரைத்திறன். அது ஃபோர் ஸ்ட்ரோக் என்பதை ஒதுக்கிவிட்டால், நம் கையில் இருக்கும் பிரஷ் கட்டரின் அமைப்பும் ஏறக்குறைய அதுதான். அவுட்போர்டின் ஆரம்பக் கதையிலும் இப்படி ஒரு ஒட்டுவேலை உண்டு: 1905-இல் கேமரன் வாட்டர்மன் என்ற அமெரிக்கர் மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் படகில் தொங்கவிட்டு ஓட்டிப் பார்த்தார்.

வித்தியாசம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. ஹோண்டாவில் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் புரொப்பெல்லர் ஒரு சுற்று சுற்றும். என் கிட்டில் ஷாஃப்டைக் கையால் சுழற்றி எண்ணினேன்: ஷாஃப்ட் 4 சுற்று, புரொப்பெல்லர் 3 சுற்று. எஞ்சின் 6000 சுற்றில் ஓடும்போது, உள்ளங்கை அகலப் புரொப்பெல்லர் 4500 சுற்றில் அலறுகிறது. கொஞ்சம் தண்ணீரை மிக வேகமாகப் பின்னே தள்ளுவதைவிட, நிறையத் தண்ணீரை நிதானமாகத் தள்ளினால்தான் அதே சக்தியில் அதிக உந்துதல் கிடைக்கும். வேகம் கூடக்கூட இலைகளின் முதுகில் குமிழ் கட்டிப் பிடிமானமும் போய்விடும்.

இங்கிலாந்தின் பழைய பிரிட்டிஷ் சீகல் மோட்டார்களை எண்ணிப் பாருங்கள். வெறும் 64 சிசி எஞ்சினில் பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றி, கனமான பாய்மரப் படகுகளை நகர்த்தின. ஆகவே, “52 போதவில்லை, 63 சிசி வாங்கலாமா?” என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். அந்தப் பணத்தை லேத் பட்டறையில் செலவழியுங்கள். மேலும், 12 அடிப் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலெழும்பாமல் போகும்வரை அதன் எல்லை மணிக்கு எட்டரை கிலோமீட்டர் சுமார்தான். அந்த எல்லையை நெருங்க இரண்டு குதிரைத்திறன் தாராளம்.

பட்டறையில் என்ன செய்யலாம்? எஞ்சினுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே பல் பெல்ட் போட்டுச் சுற்றைப் பாதியாக்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. சுற்று பாதியானால் முறுக்குவிசை இரட்டிப்பாகும். பிரஷ் கட்டரின் மெல்லிய ஷாஃப்டும் கிட்டின் சின்னப் பல்சக்கரங்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதனால் கிட்டையே விட்டுவிட்டு, நம் கடற்கரை மெக்கானிக்குகளுக்கு நன்றாகப் பழகிய ‘லாங் டெயில்’ வழிக்குப் போனேன்: அமரத்துப் பலகையில் சுழலும் தாங்கி, 20 மில்லிமீட்டர் எவர்சில்வர் ஷாஃப்ட் நேராகத் தண்ணீருக்குள், முனையில் அகலமான புரொப்பெல்லர். கியர் பெட்டியே இல்லை. மேலே 2-க்கு 1 பெல்ட்.

மாற்றம் உடனே தெரிந்தது. முழு த்ராட்டிலைத் தொடாமலே மணிக்கு 7 கிலோமீட்டர். வற்றத்தில் ஆறு கடலை நோக்கி இழுக்கும்போது எதிர்த்து ஏறவும் முடிந்தது. கிட்டோடு அதே நீரோட்டத்தில் படகு நின்ற இடத்திலேயே திணறியது. சேறு தட்டினால் கைப்பிடியை அழுத்தினாலே வால் மேலே வந்துவிடுகிறது. ஆழம் குறைந்த, வலை கட்டிய ஆற்றில் இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

கிளட்ச் இன்னும் எனக்குக் கவலைதான். புல் வெட்டும்போது சுமை வந்து வந்து போகும். தண்ணீரில் ஓய்வே இல்லை. மிக மெதுவாகப் போகலாம் என்று த்ராட்டிலைத் தளர்த்தினால் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் சூடேறி, தீய்ந்த வாசனை வருகிறது. மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் துடுப்பு போடுவதே எஞ்சினுக்கு நல்லது. ரிவர்ஸ் கிடையாது என்பதால் துடுப்பு எப்படியும் படகில் இருக்க வேண்டும்.

உப்புத்தண்ணீர் அடுத்த எதிரி. கிட்டின் கியர் பெட்டியைத் திறந்தபோது கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தது. சீல் வழியே தண்ணீர் நுழைந்துவிட்டது. கழிமுகத்தில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், அலுமினியப் பாகங்களில் துத்தநாகத் துண்டு வைக்க வேண்டும். பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை உறிஞ்சும். ஓட்டி முடித்ததும் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள்.

டூ ஸ்ட்ரோக்கை நான் பரிந்துரைக்கமாட்டேன். 25-க்கு 1 கலவை என்றால் லிட்டருக்கு 40 மில்லி ஆயில். எரியாத பெட்ரோலோடு சேர்ந்து அந்தப் புகை ஓட்டுபவர் முகத்திலேயே அடிக்கிறது. நண்டும் மடவையும் வளரும் ஆற்றில் அந்த எண்ணெய் படிவதையும் ஏற்க முடியவில்லை. ஹோண்டா ஜிஎக்ஸ் 35 போன்ற 35.8 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் உள்ள பிரஷ் கட்டர் விலை கூடுதல், திறன் குறைவு. ஆனால் எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் ஆயில் சேரவேண்டிய இடத்துக்குச் சேரும். ஆயில் கலக்கும் வேலையும் இல்லை. பெல்ட் குறைப்போடு சேர்த்தால் என் தேர்வு அதுதான்.

பாதுகாப்பில் மட்டும் சிக்கனம் கூடாது. த்ராட்டிலைக் கம்பியால் கட்டிவிட்டு ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஓட்டுபவர் தவறி விழுந்தால் படகு புரொப்பெல்லரோடு சுற்றிக்கொண்டு திரும்பி வரும். அவுட்போர்டுகளுக்கு விற்கும் கயிறு வைத்த கில் சுவிட்சை பிரஷ் கட்டரின் நிறுத்தும் ஒயரில் இணைத்து, கயிற்றை மணிக்கட்டில் மாட்டுங்கள். பெல்ட்டுக்குத் தகட்டு மூடி போடுங்கள். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் தண்ணீர் நடுவே பெட்ரோல் ஊற்றாதீர்கள். கரைக்கு வந்து ஊற்றுங்கள். உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021 இயந்திரப் படகுகளுக்குப் பதிவு கேட்கிறது. உங்கள் படகுக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை முதலில் விசாரித்துவிடுங்கள்.

முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் இதை நம்பிப் போகக் கூடாது. மீன் குளத்தில் தீவனம் போட, ஆற்றில் நண்டு வலை பார்க்க, ஏற்கெனவே பிரஷ் கட்டர் வைத்திருக்கும் விவசாயி ஏரியைக் கடக்க, இது தகும். எஞ்சினைப் புதிதாக வாங்கி, பட்டறைக் கூலியும் கொடுத்து, தினமும் தொழிலுக்கு ஓட்டப்போகிறீர்கள் என்றால், நல்ல நிலையில் உள்ள பழைய அவுட்போர்டு ஒன்றைத் தேடுங்கள்.