கிடுகு வாடி

வைகாசியில் சோழகக் காற்று வலுத்தால் இலங்கையின் மேற்குக் கடல் கொந்தளிக்கும். கிழக்கு அடங்கிக் கிடக்கும். அப்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் பலர் திருகோணமலைக் கரைக்குப் பெயர்வார்கள். புல்மோட்டை, குச்சவெளி மணலில் அவர்கள் தங்கும் குடில்களான வாடிகள் எழும்.

வாடியின் அழகெல்லாம் கிடுகில்தான். தென்னோலையை நடுவே பிளந்து, தண்ணீரில் ஊறவைத்து, இலைகளை ஒன்றுவிட்டு ஒன்று மடித்துப் பின்னுவார்கள். காய்ந்த கிடுகை இறப்பிலிருந்து மேல்நோக்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி கட்டினால் மழைநீர் வழிந்தோடிவிடும், புழுக்கமும் தங்காது. தகரக் கூரைக்கு அந்தக் குளிர்ச்சி வராது.

கடலுக்குப் போகாத நாளில் திருகோணமலை நகரம் பார்க்கலாம். 1624இல் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டைக்குள் புள்ளிமான்கள் மேய்கின்றன. பாறை உச்சியில் கோணேசர் கோயில். கீழே, பாறையடியில், மீனவர்கள் வலை வீசும் அதே கடல்.

ஐப்பசிக்குள் ஊர் திரும்பிவிடுவார்கள்.