தாராசுரத்துக்குப் பிள்ளைகளை எப்படி அழைத்துப் போவது

தஞ்சாவூர்ப் பக்கம் கல்விச் சுற்றுலா வரும் பள்ளிப் பேருந்துகளின் வழக்கம் ஊரறிந்த ஒன்று. பெரிய கோயிலில் வரிசையாக நின்று ஒரு குரூப் போட்டோ, கல்லணையில் ஐஸ்கிரீம், கும்பகோணம் போகிற வழியில் நேரம் மிச்சமிருந்தால் தாராசுரத்துக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் எங்கே போகிறது? யானையும் காளையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பம், தட்டினால் ஒலிக்கும் படிகள், குதிரை இழுக்கும் தேர்போன்ற மண்டபம். "பாத்தாச்சா? வண்டியில ஏறுங்க." மூன்றும் அழகுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதற்காக ஊர் ஊராக நடந்தார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால், அந்தக் கோயிலில் அதற்கென்றே ஒரு வரிசை இருக்கிறது. அதைப் பார்க்காமல்தான் எல்லோரும் திரும்புகிறார்கள்.

அடிப்படைச் செய்திகளைச் சட்டென்று முடித்துவிடலாம். ஐராவதேசுவரர் கோயில். கட்டியவர் இரண்டாம் இராசராசன், 12ஆம் நூற்றாண்டு. விமானம் 24 மீட்டர், பெரிய கோயிலின் உயரத்தில் பாதிகூட இல்லை. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இந்த மன்னனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில்தான் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்பது மரபு. அதாவது நூல் அரங்கேறி ஒரு தலைமுறைக்குள் அந்தக் கதைகள் இங்கே கல்லில் ஏறிவிட்டன. இதற்கு மேல் விவரம் வேண்டுபவர்கள் வாசலில் இருக்கும் தொல்லியல் துறைப் பலகையைப் படித்துக்கொள்ளட்டும்.

விஷயம் கருவறையின் வெளிச்சுவரில், அடிப்பகுதியில் இருக்கிறது. ஒரு முழம்கூட உயரமில்லாத சிறுசிறு கட்டங்களில் நாயன்மார்களின் கதைகள். பலவற்றில் இன்னாருடைய கதை என்று சொல்லும் எழுத்தும் பொறித்திருக்கிறது. புள்ளி வைக்காத பழைய எழுத்துதான், ஆனாலும் ட, ப, ம போன்றவற்றை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். உச்சி வெயிலில் போகக் கூடாது. புடைப்புச் சிற்பம் தட்டையாகத் தெரியும், கல்தரையில் காலும் வெந்துபோகும். காலையில் போய், ஒளி பக்கவாட்டில் விழும் சுவரிலிருந்து தொடங்க வேண்டும். நிழலில் இருக்கும் கட்டங்களுக்குச் செல்போன் டார்ச்சைச் சுவரை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் உருவங்கள் எழுந்து வரும்.

முதலில் காட்ட வேண்டியது முதலைதான். அவிநாசியில் முதலை விழுங்கிய பையனைச் சுந்தரர் பாடி மீட்ட கதை. முதலை வாயிலிருந்து பையன் வெளியே வருவதைப் பார்த்தபின் எந்தப் பிள்ளையும் ஐஸ்கிரீம் கேட்காது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டமாக அவர்களே ஓடுவார்கள். ஓட விட்டுவிட வேண்டும்.

ஓடிக் களைத்தபின் ஒரு வேலை கொடுக்கலாம். தாராசுரத்தின் சுவையே இந்த வேலையில்தான் இருக்கிறது. நாயன்மார்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும்: நடந்தவர்கள், நடந்தவர்களுக்குச் செய்தவர்கள். அப்பர், சம்பந்தர், சுந்தரர், தலையாலே நடந்து கயிலைக்குப் போன காரைக்கால் அம்மையார் எல்லாம் முதல் கூட்டம். இவர்களை எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது கூட்டத்தைத்தான் பள்ளிப் புத்தகம் மறந்துவிடுகிறது. சிதம்பரத்துக் குயவர் திருநீலகண்டர் அடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுத்தார். காஞ்சிபுரத்துச் சலவைத் தொழிலாளி திருக்குறிப்புத் தொண்டர் அவர்களின் துணியை வெளுத்துக் கொடுத்தார். சாலியர் குலத்து நேசர் துணி நெய்து கொடுத்தார். பழையாறை வணிகர் அமர்நீதி திருநல்லூருக்குத் திருவிழா பார்க்க வருகிறவர்களுக்கு மடம் கட்டிச் சோறு போட்டார். திங்களூர் அப்பூதி அடிகள் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். ஓடு, வெளுத்த துணி, புதுத் துணி, சோறு, தண்ணீர், படுக்க இடம். ஒரு யாத்திரைக்கு வேறென்ன வேண்டும்? அந்தக் காலத்துப் பயணத்தின் முழுச் சாமான் பட்டியலும் சுவரின் அடியில் கிடக்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை.

இந்த இரண்டாம் கூட்டத்தின் கதைகளில் இன்னொன்றும் தெரியும். இவர்களில் பலருடைய சோதனை தொழில் சார்ந்த சோதனை. திருக்குறிப்புத் தொண்டரிடம் ஒரு கிழவர் கந்தைத் துணியைக் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் காய வைத்துத் தரச் சொல்கிறார். அன்றைக்குப் பார்த்து அடைமழை. துணி வெளுப்பவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து என்ன? அமர்நீதியிடம் ஒப்படைத்த கோவணம் காணாமல் போகிறது. ஈடாகத் தராசில் அவர் துணிமணியை எல்லாம் வைத்தும் தட்டு சமமாகவில்லை. கடைசியில் மனைவி, மகனோடு அவரே தட்டில் ஏறுகிறார். வணிகருக்குத் தராசிலேயே சோதனை! இளையான்குடி மாறர் உழவர். நள்ளிரவு மழையில் விருந்தாளி வந்ததும் அன்று விதைத்த நெல்முளையையே வாரிக்கொண்டு வந்து சமைக்கிறார். நடந்தவர்களின் கதைகளில் அற்புதம் வழியில் நடக்கிறது. செய்தவர்களின் கதைகளில் பட்டறையிலும் கடையிலும் அடுக்களையிலும் நடக்கிறது. பிள்ளைகளிடம் சோழர் கால வாழ்க்கை என்று பாடம் நடத்துவதைவிட, "இவர் என்ன வேலை பார்த்தார், அந்த வேலையில் என்ன கெட்டுப்போனது?" என்று கேட்டுப் பார்த்தால் போதும்.

நந்தனாரிடம் வரும்போதுதான் பிரிவினையில் சண்டை வரும், வரட்டும். முரசுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர் அவர்; ஆகவே செய்தவர். திருப்புன்கூருக்கும் தில்லைக்கும் போனவர், ஆகவே நடந்தவர். இரண்டு கூட்டத்திலும் நிற்கும் அவர் எந்த வாசலுக்குள்ளும் நுழைய முடியவில்லை. அவர் கொடுத்த தோல் உள்ளே ஒலித்தது, அவர் வெளியே நின்றார். ஏன் என்று எந்தப் பிள்ளையாவது கேட்கும். "அதெல்லாம் பெரியவங்க விஷயம்" என்று அடுத்த கட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிற ஆசிரியர், மத்திய கால வாழ்க்கையைக் காட்ட வந்ததாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். தில்லையில் தீயில் மூழ்கிய பிறகுதான் அவருக்கு உள்ளே வழி என்று புராணம் சொல்கிறது. அதையும் சொல்லிவிட்டு, பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

இப்படி நின்று பார்க்காமல் மேலோட்டமாகப் பார்ப்பது என்றால் எது? பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அது. விழுகிறது, பிள்ளைகள் அந்த நிழலில்தான் உட்கார்ந்து இளைப்பாறுகிறார்கள். 'பொன்னியின் செல்வன்' படம் வந்தபின் முளைத்த சுற்றுலாக்கள் இன்னொரு ரகம். அந்தக் கதைக்கும் தாராசுரத்துக்கும் இடையே சுமார் 200 ஆண்டு இருக்கிறது, ஆனால் இங்கேயும் வந்து வந்தியத்தேவனைத் தேடுகிறார்கள். கலை விமர்சகர்களில் ஒரு சாராருக்கோ தஞ்சாவூரின் பிரம்மாண்டத்துக்குப் பிறகு வந்ததெல்லாம் சரிவு, வெறும் நகாசு வேலை. உயரத்தை வைத்து மதிப்பெண் போடுகிறவர்கள் அண்ணாந்தே பார்க்கட்டும். இந்த வரிசையைச் செதுக்கியவன் குனிகிறவர்களுக்காகச் செதுக்கியிருக்கிறான். பிள்ளைகளுக்குக் குனிய வேண்டிய சிரமம்கூட அவ்வளவாக இல்லை.

ஆசிரியர்களுக்கு மட்டும், கொஞ்சம் தணிந்த குரலில் ஒரு வார்த்தை. எல்லாக் கதையையும் எல்லா வயதுக்கும் சொல்ல வேண்டியதில்லை. சிறுத்தொண்டர் கதையை மூன்றாம் வகுப்பிடம் சொல்லிவிட்டு இரவில் பெற்றோரின் போனுக்குப் பதில் சொல்ல முடியாது. கண்ணப்பர் பரவாயில்லை, கண்ணைப் பிடுங்கும் இடத்தில் பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே "அப்புறம்?" என்பார்கள். அறுபத்து மூவர் பெயரையும் மனப்பாடம் செய்துகொண்டு போகவும் வேண்டாம். பத்துக் கதை நன்றாகத் தெரிந்தால் அரை நாள் ஓடிவிடும். தெரியாத கட்டத்தின் முன் நின்று, "இங்க என்ன நடக்குது, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுவிட்டால் மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். சேக்கிழார் சொல்லாத கதையும் ஒன்றிரண்டு பிறக்கும். குற்றமில்லை.

பேருந்தில் இன்னும் தெம்பு இருந்தால் அடுத்த நிறுத்தம் திருவையாற்றை ஒட்டிய திங்களூர். அங்கே நவக்கிரகச் சுற்றுலா வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்; எல்லாம் சந்திரனைப் பார்க்க வந்தவை, அர்ச்சனை முடிந்ததும் கிளம்பிவிடும். அப்பூதி அடிகள் பந்தல் வைத்த ஊர் அதுதான். பார்த்தே இராத அப்பரின் திருநாவுக்கரசு என்ற பெயரைப் பந்தலுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமல்ல, மாட்டுக்கும் எருமைக்கும் அளக்கும் படிக்கும்கூட வைத்தவர். அவரும் மனைவியும் இரண்டு திருநாவுக்கரசுகளும் அந்தக் கோயிலில் சிலையாக நிற்கிறார்கள். வாழையிலை அறுக்கப் போய்ப் பாம்பு கடித்த மூத்தவன் எவன் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். மதியச் சாப்பாட்டை அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.