நானூத்தி இருபதின் மறைவு: சட்டப் பிரதியும் வாய்மொழி வாசகரும்

‘அவன் ஒரு ஃபோர் ட்வென்டி’ என்று சொல்ல யாருக்கும் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடை வாசலில் சொன்னாலும் பிள்ளையார்பாளையத்துத் தறிவீட்டில் சொன்னாலும் பொருள் ஒன்றுதான். 1860இல் எழுதப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் என்ற பிரதியிலிருந்து நம் ஜனங்கள் எடுத்துக்கொண்டது மெக்காலேயின் உரைநடையை அல்ல, அதன் எண்களை. முந்நூத்தி ரெண்டு என்றால் கொலை. நூத்தி நாப்பத்தி நாலு என்றால் கும்பல் கூடக்கூடாது. நூத்தி ஏழு என்றால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் சண்டை போட மாட்டேன் என்று பாண்டு எழுதித் தரணும். தண்டனைச் சட்டம் எது, விசாரணை முறைச் சட்டம் எது என்ற பிரிவினைகூட இந்த வாசகர்களுக்கு முக்கியமில்லை. எண் போதும். படிக்காமலேயே வாசிக்கப்பட்ட சட்டப் பிரதி இது.

2024 ஜூலை 1 அன்று இந்த எண்கள் செத்துப்போயின. தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகளுக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 358. விசாரணை முறைச் சட்டத்தின் 484க்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 531. சாட்சியச் சட்டத்தின் 167க்குப் பதில் பாரதிய சாக்ஷிய அதிநியமின் 170. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தார்கள், ஊர்வலம் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டன. அதற்கு முன்பே, 2024 ஜனவரியில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்தி தெரியாதென்பதால் பழைய பெயர்களிலேயே இந்தச் சட்டங்களைக் குறிப்பிடப்போவதாக வெளிப்படையாகச் சொன்னார். பெயர் எதிர்ப்பு நியாயமானது, அதில் சந்தேகமில்லை. ‘தண்டனை’ என்றிருந்த இடத்தில் ‘நியாயம்’ என்று எழுதுவதாலேயே அதிகாரம் தன் குணத்தை மாற்றிக்கொண்டுவிட்டது என்று நம்பச் சொல்வது சொல்லாடலின் மிகப் பழைய தந்திரம். இதைப் புரிந்துகொள்ள பூக்கோவைப் படித்திருக்கத் தேவையில்லை.

ஆனால் நம் எதிர்ப்பு எதைப் பாதுகாக்க நின்றது? ‘இண்டியன் பீனல் கோட்’ என்ற பெயரை. அது மட்டும் என்ன தமிழா? ஒரு அந்நியப் பெயருக்கு எதிராக இன்னொரு அந்நியப் பெயருக்குக் கொடி பிடித்தோம். நன்னூல் சொல்லும் இடுகுறி, காரணம் என்ற பாகுபாட்டை இங்கே கொண்டுவந்தால் சங்கதி தெளிவாகும். ‘நியாய சன்ஹிதா’ தன்னைக் காரணப்பெயராகக் காட்டிக்கொள்கிறது. 420 வெறும் இடுகுறி. சஸ்யூர் சொல்கிற மாதிரி குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இயற்கையான உறவு எதுவும் இல்லாத சுத்தமான குறி. அதனால்தான் அது எந்த மொழிக்கும் சொந்தமில்லாமல் இருந்து, 160 வருஷப் புழக்கத்தில் தமிழாகவே ஆகிவிட்டது. போனது ஆங்கிலப் பெயரல்ல, இந்தத் தமிழ்.

எண் அழிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அதே எண் வேறு அர்த்தத்தோடு உயிரோடிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. கூட்டத்தடை இப்போது 163. புதிய 144 மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஜீவனாம்சம் தரச் சொல்லும் பிரிவு (பழைய 125). கொலை 103க்குப் போய்விட்டது. புதிய 302, மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது. வடகலையாரும் தென்கலையாரும் யார் முதலில் பாடுவது என்று தலைமுறை தலைமுறையாகக் கோர்ட் ஏறும் ஊரில் இந்த 302க்குப் பஞ்சமிருக்காது. வக்கீல்களே தடுமாறும் இடம் ஒன்று: பழைய 482 உயர்நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், புதிய 482 முன்ஜாமீன். விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாத இடமும் உண்டு. பழைய 107 ஒரு பாண்டோடு முடிந்துவிடும். புதிய 107, குற்றத்தால் வந்த சொத்து என்று போலீஸ் கருதுவதை முடக்கவும், கலெக்டர் வழியாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பங்கிட்டுத் தரவும் கோர்ட்டுக்கு இடம் கொடுக்கிறது. ‘சும்மா நூத்தி ஏழுதான், பயப்படாதே’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் ஆறுதல் இனி ஆபத்தானது.

காஞ்சிபுரம் இந்த எண்களை ஏட்டில் படித்துக் கற்கவில்லை. 2004 செப்டம்பர் 3 அன்று வரதராஜப் பெருமாள் கோயில் அலுவலகத்தில் மேலாளர் சங்கரராமன் கொல்லப்பட்டார். நவம்பரில் சங்கராச்சாரியார் ஜெயேந்திரர் கைதானார். அதிலிருந்து ஊர் முழுக்க 302, 120-பி, ஏ1, அப்ரூவர் என்று ஒரே சட்டபாஷை. 2005இல் உச்சநீதிமன்றம் விசாரணையைப் புதுச்சேரிக்கு மாற்றியது. 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ்சாட்சி ஆனார்கள். 2013 நவம்பர் 27 அன்று எல்லோரும் விடுதலை. தீர்ப்பைப் பற்றிச் சொல்ல வரவில்லை. எட்டு வருஷம் வேறொரு ஊரில், வேறொரு மொழியில் நடந்த வழக்கை இங்கிருந்தவர்கள் பின்தொடர முடிந்தது அந்த நாலைந்து குறிகளால்தான் என்கிறேன். இன்று அப்படியொரு வழக்கு நடந்தால் டீக்கடையில் ‘நூத்தி மூணு உட்பிரிவு ஒண்ணு’ என்று யார் சொல்வார்கள்?

இனி தறிக்கு வருவோம். முதலாளி பட்டும் சரிகையும் கொடுப்பார், வீட்டுத் தறியில் நெய்து சேலையாகத் திருப்பித் தந்து கூலி வாங்க வேண்டும். கொடுத்த சரிகையை விற்றுவிட்டான் என்று புகார் வந்தால் அது நம்பிக்கை மோசடி. பழைய 406இல் அதற்கு அதிகபட்சம் மூன்று வருஷம், புதிய 316(2)இல் ஐந்து. அதே நெசவாளி தான் நம்பிக் கொடுத்து வைத்த பணத்தை ஒருவன் சுருட்டிவிட்டான் என்று போலீசுக்குப் போனாலும் இதே 316(2)தான். கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும், சில வகை வழக்குகளில் மட்டுமே முன்விசாரணைக்கு இடமுண்டு என்று 2013இல் லலிதா குமாரி தீர்ப்பு சொன்னது. புதிய 173(3) அந்த வாசலை அகலப்படுத்துகிறது: மூன்று வருஷத்துக்குக் குறையாத, ஏழு வருஷத்துக்கு உட்பட்ட தண்டனை என்றால் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முன்விசாரணை நடத்தலாம். ‘லாம்’ என்ற விகுதியைக் கவனியுங்கள். முதலாளியின் புகாருக்கு அன்றைக்கே எஃப்.ஐ.ஆர்., நெசவாளியின் புகாருக்குப் பதினாலு நாள் என்றால், இரண்டுமே சட்டப்படி சரி.

இதே பிரிவு ஒரு கவிதையைக் காப்பாற்றியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இம்ரான் பிரதாப்கடி வழக்கில் 2025 மார்ச்சில் நீதிபதிகள் ஓகாவும் உஜ்ஜல் புயானும் கவிதையை வரிவரியாக வாசித்து எஃப்.ஐ.ஆரை ரத்து செய்தார்கள். பேச்சு, எழுத்து சம்பந்தமான இத்தகைய குற்றச்சாட்டுகளில் 173(3)இன் முன்விசாரணையைப் பயன்படுத்துவதே பொருத்தம், சொற்களின் விளைவைத் திடமனம் உள்ளவரின் அளவுகோலால் பார்க்க வேண்டும், எதிலும் ஆபத்தைக் காணும் பலவீனரின் அளவுகோலால் அல்ல என்றார்கள். வாசிப்புக் கோட்பாடு பேசும் நம் நண்பர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். கவிஞருக்குக் கேடயமாகும் பிரிவு நெசவாளிக்குப் பூட்டாக முடியும். பிரதி ஒன்று, வாசகர் டி.எஸ்.பி.

நம் மரபில் மூலத்துக்கும் வாசகருக்கும் நடுவே உரையாசிரியர் உண்டு. கோர்ட்டில் அந்த வேலை வக்கீலுடையது. இப்போது உரையாசிரியரே மூலத்தைத் தடவித் தடவிப் படிக்கிறார். 2024 ஜூலைக்கு முந்தைய குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே என்பதால் ஒரே நாளில் ஒரே கோர்ட்டில் இரண்டு எண்வரிசையும் ஓடுகிறது. சீனியரும் ஜூனியரும் ஒப்பீட்டு அட்டவணையோடு திரிகிறார்கள். அவர்களுக்கு அட்டவணையாவது இருக்கிறது. ‘சார், என்ன செக்‌ஷன் போட்டிருக்காங்க?’ என்று கேட்கும் கட்சிக்காரர், முன்பு பதிலைக் கேட்டதும் தன் நிலைமையைத் தானே தெரிந்துகொண்டார். இப்போது வக்கீல் சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை.

மொழிச் சண்டையை நடத்த வேண்டிய இடம் இதுதான். உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, டெல்லி மறுத்தது. ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் உயர்நீதிமன்றங்களில் இந்தி பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அந்தக் கோரிக்கை நிற்கட்டும். கீழே, லாக்கப் வாசலில், புதிதாக ஒன்று கிடைத்திருக்கிறது. 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்சநீதிமன்றம், எந்தச் சட்டத்தில் கைது செய்தாலும் கைதின் காரணங்களை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்றது. உடனே முடியாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது காகிதம் கைக்கு வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கைதும் ரிமாண்டும் செல்லாது. பெயர்ப்பலகைக்காக ஊர்வலம் போன சங்கங்கள் இந்தக் காகிதத்துக்காக ஒவ்வொரு ரிமாண்டிலும் ஆட்சேபம் எழுப்புகின்றனவா?

காகிதம் தமிழில் வந்தாலும் அது எந்தத் தமிழ்? நம் போலீசும் கோர்ட்டும் எழுதும் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பெயர் ‘எதிரி’. ஆங்கிலத்தில் அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே; மொழிபெயர்ப்பில் எதிரியாகிவிட்டார். யாருக்கு எதிரி? ஒரு சாட்சிகூட கூண்டில் ஏறாத நிலையில், சரிகை குறைந்ததாகப் புகார் வந்த நெசவாளியின் கையில் கொடுக்கப்படும் முதல் தமிழ்ப் பிரதி ‘மேற்படி எதிரி’ என்று தொடங்கும்.